விவரம் இல்லாத படம்

இப்ப ஒரு படம் எடுத்தீங்கல்லம்மா? போன்ல சத்தம் கேட்டுச்சு. எடுங்க, எடுங்க, அதுக்காகச் சொல்லல. வெளியே மலை தெரியுதாக்கும். இந்த வண்டியில ஜன்னலோரம் உக்காந்தவங்க எல்லாரும் இந்த இடத்துல ஒரு படம் எடுத்துடறாங்க. எடுத்து யாருக்கோ அனுப்பவும் செஞ்சுட்டீங்க, அந்தச் சத்தமும் கேட்டுச்சு. நான் கேக்கறது என்னன்னா, அதுல என்ன இருக்குன்னு ஒரு வரி எழுதினீங்களா?

எழுதல. தெரியும். உங்களைக் குத்தம் சொல்லலம்மா, ஊர் உலகத்துல யாருமே எழுதறதில்ல. படம்னா பாக்கறதுக்குத்தானே, அதுல எழுத என்ன இருக்குன்னு ஒரு நெனப்பு. என்னை மாதிரி ஒருத்தன் அந்தப் பக்கம் இருந்தா அவனுக்கு உங்க மலை எப்படிப் போய்ச் சேரும் தெரியுமா? 'படம்'. அவ்வளவுதான். போன் 'படம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடும்.

என் பேரு வேதமுத்து. திண்டுக்கல்தான். பேங்க்ல டெலிபோன் ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. என் வீட்டுக்காரி லில்லியும் அப்படித்தான். எங்க பொண்ணு ஜெசிந்தாவுக்கு மட்டும் கண்ணு நல்லாத் தெரியும். அவளுக்குப் பேச்சு வந்த நாள்லருந்து வாயை மூடினதே இல்ல. "அப்பா, எதிர்வீட்டுல பச்சை பெயின்ட் அடிக்கிறாங்க, ஒரு ஆள் அடிக்கிறான், ரெண்டு ஆள் கையைக் கட்டிட்டுப் பாக்கறாங்க." இப்படியே சொல்லிட்டு வருவா. பஸ்ல போனா பஸ் பூரா சிரிக்கும். லில்லி தவறின பிறகு நர்சிங் முடிச்சுட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போயிட்டா. போனது நல்லதுதான், நான்தான் பிடிச்சுத் தள்ளி அனுப்பினேன். அங்க ஒரு சின்ன ஊர்ல ஆஸ்பத்திரி. தனியா இருக்கா.

போன்ல பேசுவா, பேசாம இல்ல. ஆனா போன்ல என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன்ப்பா". காய்ச்சலோட கிடந்தாலும் அதே குரல்தான். நோயாளிகிட்ட பேசிப் பேசி அந்தக் குரல் வந்துடுச்சு போல. அதனால நான் படம் அனுப்பச் சொல்லுவேன். அவளும் அனுப்புவா. என் போன்ல ஒரு வசதி இருக்கு, அதுவா படத்தைப் பாத்துச் சொல்லும். "ஒரு நபர், உட்புறம்." உட்புறமாம். என் பொண்ணு ஜெர்மனியில ஒரு ரூமுக்குள்ள இருக்கா, அது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுல காட்டினா "நல்லா இருக்கு சார்"னு சொல்லிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. என்ன நல்லா இருக்கு? படமா, அவளா?

இதுக்காகத்தாம்மா நாங்க 'சொல்படம்' ஆரம்பிச்சோம்.

அது என்னன்னு கேக்கறீங்களா? சொல்றேன். முன்னாடி நாங்க எல்லாரும், ஊர் பூரா படமும் பேச்சுமாப் போடுமே, அந்தப் பெரிய சைட்டுலதான் இருந்தோம். பார்வையில்லாதவங்க, அப்புறம் எங்களுக்குப் படத்தை விவரிச்சுச் சொல்ற ஆளுங்க, தமிழ்ல ஒரு நல்ல கூட்டம். எங்களுக்குன்னு வாசிச்சுக் காட்டற ஒரு ஆப் இருந்துச்சு. ஒருநாள் அந்தக் கம்பெனிக்காரங்க வெளியாள் பண்ணின ஆப் எதுவும் இனிமே செல்லாதுன்னு மூடிட்டாங்க. கேட்பாரில்ல. அப்பதான் எழில்னு கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர்ல வேலை, பார்வை உள்ளவன், அவன் சொன்னான். "சார், இப்ப நாமளே ஒரு சர்வர் வச்சுக்கலாம். ஒரே முதலாளின்னு யாரும் கிடையாது. நம்ம வீட்டுல நாம இருப்போம். அடுத்த வீட்டுக்காரங்களோடயும், அதான் மத்த சர்வர்க்காரங்களோடயும், பேசிக்கலாம். பிடிக்கலைன்னா கதவைச் சாத்திக்கலாம்." எனக்கு உடனே பிடிச்சுப்போச்சு. இத்தனை வருஷம் அடுத்தவன் வீட்டுல குடியிருந்தோம், இனி நம்ம சட்டம்னு சொன்னேன். எழில் மெஷினைப் பாத்துக்கிட்டான், நான் நிர்வாகத்தைப் பாத்துக்கிட்டேன்.

ஒரே சட்டம்தான். விவரம் எழுதாம படம் போடக்கூடாது. போட்டா போகாது. எழில் அந்த சாஃப்ட்வேர்ல கையை வச்சு அப்படி ஒரு மாத்தம் பண்ணிக் கொடுத்தான். உலகத்துலயே எங்கயும் கிடையாதும்மா அப்படி ஒண்ணு. பெருமைக்குச் சொல்லல.

முதல்ல என்ன ஜோரா இருந்துச்சுங்கறீங்க. தூத்துக்குடியில ஸ்டெல்லா புஷ்பம்னு ஒரு பாட்டு டீச்சர், அவங்களுக்கும் பார்வை கிடையாது. காலையில எழுந்ததும் யார் யார் வீட்டுல என்ன டிபன்னு கேட்டாத்தான் அவங்களுக்குப் பொழுது விடியும். ஆளாளுக்குத் தட்டைப் படம் எடுத்துப் போட்டு, 'தோசை ஒரு பக்கம் கருகியிருக்கு, சட்னி ஓரமா ஒதுங்கி நிக்குது'ன்னு எழுதுவாங்க. ஜெசிந்தாவும் எங்களோட அங்கதான் இருந்தா. அவ போடற படத்துக்கு அவளே விவரம் எழுதுவா. பால்கனி, பூத்தொட்டி, எதிர்க்கட்டடம் எல்லாம் எழுதுவா, தன்னைப் பத்தி மட்டும் எழுத மாட்டா. அதை எழில்தான் கீழே எழுதுவான். ஒருதரம் எழுதினான், "சார், சிரிக்கிறாங்க, ஆனா கண்ணுல சிரிப்பு இல்ல. தூங்கி நாளானது மாதிரி இருக்கு." நான் உடனே போன் போட்டேன். "நல்லா இருக்கேன்ப்பா"ன்னா. "எழில் அப்படிச் சொல்லலையே"ன்னேன். உடனே அழுதுட்டா. கூட இருந்த பொண்ணு சொல்லாம கொள்ளாம ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா, இவ தனியாக் கிடந்து அல்லாடிட்டிருந்தா. அன்னிக்கு ரொம்ப நேரம் பேசினோம். இவ என் பொண்ணு, இவ முகத்துல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்ல கோயம்புத்தூர்லருந்து ஒருத்தன் வேணும். என்ன பண்றது, அப்படித்தான்.

அப்படி இருந்த இடத்தைக் கெடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க?

ஆளுங்க சோம்பேறிம்மா. விவரம் எழுதுன்னா 'பூ'ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. என்ன பூ, எந்த நிறம், எத்தனை இதழ்? சட்டத்துல ஓட்டை. நான் எழில்கிட்ட சொல்லி, இத்தனை எழுத்துக்குக் குறைஞ்சா போகாதுன்னு வைக்கச் சொன்னேன். உடனே சில ஆளுங்க 'பூ பூ பூ'ன்னு அடிச்சு நிரப்ப ஆரம்பிச்சாங்க. விடுவேனா? ஒவ்வொண்ணையும் நானே கேட்டுப் பாத்துட்டுத்தான் வெளியே விட்டேன். இடது பக்கத்துலருந்து ஆரம்பிக்கணும், பின்னணி சொல்லணும், நிறம் சொல்லணும். நிறம் எனக்கு எதுக்குன்னு கேக்கறீங்க. எனக்கு எதுக்கும் இல்ல. ஆனா சொல்லணும். உங்களுக்குத் தெரியறது எனக்கும் வந்து சேரணும்ல?

ஒரு அம்மா புதுசா வந்து ஒரு படம் போட்டாங்க. விவரம் 'அப்பா'ன்னு ஒரே வார்த்தை, அப்புறம் சும்மா புள்ளி புள்ளியா நிரப்பி வச்சிருந்தாங்க. திருப்பி அனுப்பினேன். எந்தச் சட்டை, உக்காந்திருக்காரா நிக்கிறாரா, வயசு என்ன இருக்கும்னு கேட்டு மரியாதையாத்தான் எழுதினேன். அதுக்கப்புறம் அவங்க வரவே இல்ல. அவங்க அப்பா முந்தின நாள் தவறிட்டாராம், எழில் சொன்னான். எனக்கு எப்படித் தெரியும்? விவரம் எழுதியிருந்தாத் தெரிஞ்சிருக்கும். அதைத்தானே நானும் கேட்டேன். எழில் அன்னிக்கு என்கிட்ட குரலை உயர்த்திப் பேசினான். முதல் தடவை.

அப்புறம் டிபன் படம் குறைஞ்சுது. ஸ்டெல்லா ஒருநாள் சொல்றாங்க, "சார், எனக்கு முழு விவரம் வேண்டாம். சட்னி என்ன சட்னின்னு தெரிஞ்சாப் போதும். இப்ப அதுவும் இல்ல." பாத்தீங்களா? யாருக்காகப் போராடறோமோ அவங்களே இப்படிப் பேசினா எங்க போய் முட்டிக்கறது?

அந்த நேரம் பாத்து சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்துச்சு. எழில் பண்ணின மாத்தம் அதுல வேலை செய்யல. ஒவ்வொரு தரம் புதுசு வரும்போதும் அவன் உக்காந்து திரும்பப் பண்ணணும். அவனுக்குக் கல்யாணம் ஆச்சு, குழந்தை பொறந்துச்சு, கம்பெனியில வேலை. முடியல சார்னான். "வேற ஒரு சாஃப்ட்வேர் இருக்கு சார், அதுக்குப் போயிடலாம். அதுல கட்டாயப்படுத்த முடியாது. ஆனா விவரம் எழுதலைன்னா ஞாபகப்படுத்தும். அதோட, ஒருத்தர் போட்ட படத்துக்கு மத்தவங்களும் விவரம் சேக்கலாம்"னான். நான் சொன்னேன், "மத்தவங்க எழுதிக்குவாங்கன்னு விட்டா யாருப்பா எழுதுவா?" "நான் எழுதினேனே சார், ஜெசிந்தா படத்துக்கு"ன்னான். அது வேற, இது வேற. ஒருத்தர் நல்ல மனசை நம்பி ஒரு சட்டம் வைக்க முடியுமா?

ஓட்டுக்கு விட்டாங்க. எல்லாரும் லைன்ல வந்தாங்க. ஒவ்வொருத்தரா மாறலாம், மாறலாம்னு சொல்றாங்க. பார்வை உள்ளவங்க சொன்னாப் பரவாயில்ல. ஸ்டெல்லாவும் மாறலாம்னாங்க. ஜெசிந்தா என்ன சொன்னா தெரியுமா? "நான் ஓட்டுப் போடலப்பா." அப்பாவுக்கு ஒரு ஓட்டுப் போட என்ன கேடு? எனக்கு விழுந்தது ரெண்டு ஓட்டு. ஒண்ணு என்னுது, ஒண்ணு காஜா மைதீன் போட்டது. திருச்சியில மசாஜ் பண்றவர், அவருக்கும் பார்வை கிடையாது. நான் எங்க இருக்கேனோ அங்க இருப்பார். எதுக்குன்னு கேக்க மாட்டார்.

நான் ஓட்டை ஏத்துக்கல. இது கட்சி எலக்ஷன் இல்ல, எங்க உரிமை. உரிமையை ஓட்டுல வைப்பாங்களா? அவங்க புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுப் போயிட்டாங்க. பேரு என்ன வச்சாங்க தெரியுமா? 'ஜன்னல்'. பாருங்க, வேடிக்கை பாக்கறதுக்கு வச்ச பேரு. சொல்படத்துச் சாவியை எழில் என்கிட்ட கொடுத்துட்டான். பழைய வெர்ஷன்லயே ஓடுது. சட்டம் அப்படியே இருக்கு. ஒரு எழுத்து மாத்தல.

அன்னிக்கே ஜன்னலை பிளாக் பண்ணிட்டேன். பிளாக்னா, அந்த சர்வரைச் சேர்ந்த எதுவும் இங்க வராது, இங்க இருக்கறது அங்க போகாது. விவரம் இல்லாத படம் ஒண்ணு கூட எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது. அதுதான் காரணம், கோபம் எல்லாம் இல்ல.

கொஞ்ச நாள் கழிச்சு ஜெசிந்தாவும் அங்க போயிட்டா. "என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான்ப்பா இருக்காங்க. இங்க நானும் நீங்களும் காஜா அங்கிளும்தான்." சரி போன்னேன். தடுக்கல. "அப்பா, நான் போடற படத்துக்கெல்லாம் நானே விவரம் எழுதறேன், என்னைப் பத்தியும் எழுதறேன், அந்த பிளாக்கை எடுத்துடுங்க"ன்னா. எப்படிம்மா எடுக்கறது? பொண்ணுக்காக எடுத்தேன்னு நாளைக்கு நாலு பேர் பேச மாட்டாங்க? எழில் சிரிக்க மாட்டானா? நான் என் பொண்ணை பிளாக் பண்ணல. சர்வரைத்தான் பண்ணினேன். அவ அந்த சர்வர்ல இருக்கா. ரெண்டும் ஒண்ணில்ல. எத்தனையோ தடவை இதை எடுத்துச் சொல்லிட்டேன், அவளுக்குப் புரியல. வாட்ஸ்ஆப்ல அனுப்புன்னேன். "அதுல ஒழுங்கா விவரம் எழுத இடமில்லப்பா, அங்கதான் உக்காந்து எழுதறேன், வந்து கேளுங்க"ன்னா. பிடிவாதம். அவ அம்மா மாதிரி.

இப்ப போன் பண்ணுவா. சாப்பிட்டியாம்பேன், சாப்பிட்டேன்ம்பா. குளிரான்னா, குளிர்தான்ம்பா. நல்லா இருக்கியான்னா, நல்லா இருக்கேன்ப்பா. அப்புறம் என்ன பேசறது? அவளும் வைக்கல, நானும் வைக்கல, ரெண்டு பேரும் சும்மா போனைப் பிடிச்சுட்டு இருப்போம்.

இதுல இன்னொரு அநியாயம் கேளுங்க. எங்க வெர்ஷன் பழசு, பாதுகாப்பு இல்லன்னு சொல்லி மத்த சர்வர்க்காரங்க இப்ப எங்களை பிளாக் பண்றாங்க. ஒண்ணு ஒண்ணா. ஒரு வார்த்தை கேக்கறதில்ல, காரணம் கேக்கறதில்ல, கதவைச் சாத்திட்டுப் போயிடறாங்க. இப்படியாம்மா மனுஷங்க இருப்பாங்க? பேசினாத் தீராததா?

இன்னிக்குத் திருச்சியில எங்க ஆண்டுக் கூட்டம். அதுக்குத்தான் போயிட்டு வரேன். நல்லபடியா நடந்துச்சு. நானும் காஜா மைதீனும். ஆண்டறிக்கை வாசிச்சேன். விவரம் இல்லாம ஒரு படம் கூட வெளியாகலைன்னு சொன்னேன். அவர் கொஞ்சம் கண்ணசந்துட்டார், வயசாச்சு. எழுந்ததும் "மொத்தம் எத்தனை படம் வந்துச்சு?"ன்னு கேட்டார். அது எதுக்கு இப்ப?

என்ன கேட்டீங்க? இல்லம்மா, நான் பிளாக்கை எடுக்க மாட்டேன். எடுக்கறதுக்கு ஒரு பட்டன்தான், அது எனக்குத் தெரியும். பட்டன் இல்ல விஷயம்.

ஆமா, வெளியிலருந்து யார் வேணும்னாலும் பாக்கலாம். ஜன்னல்ல போடறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு அக்கவுண்ட் வேண்டியதில்ல. உங்க போன்லயே வரும். பாக்கறீங்களா? பாருங்க, நான் தடுக்கல. என் போன்ல பாத்தாத்தான் நான் போன மாதிரி. நீங்க பாக்கறது உங்க இஷ்டம். ஜெசிந்தா வேதமுத்துன்னு தேடுங்க. என் பேரைப் பின்னால போட்டிருப்பா. ஜன்னல்னு சேத்து அடிங்க.

வந்துச்சா? படம் இருக்கா? படத்தோட மூலையில சின்னதா ஏ.எல்.டி.ன்னு இருக்கும், அதைத் தொட்டா விவரம் வரும். பழசுலருந்து வாங்க. கீழே தள்ளிட்டே போங்க. இன்னும். நான் அவசரப்படுத்தல.

ம். வாசிங்க.

'அப்பா, இது பனி. உப்பு மாதிரின்னு சொல்லுவாங்க, அப்படி இல்ல, உதிர்ந்த இட்லி மாதிரி இருக்கு. நான் இடது ஓரத்துல நிக்கறேன்.' இடதுலருந்து ஆரம்பிச்சிருக்கா பாருங்க. நான் சொல்லிக் கொடுத்தது. அடுத்தது? 'அப்பா, முடியை வெட்டிட்டேன், காது வரைக்கும்தான் இருக்கு, திட்டாதீங்க. ஊதா ஸ்வெட்டர். கண்ணு கொஞ்சம் வீங்கியிருக்கு, நைட் டியூட்டி, அழல.' முடியை வெட்டிட்டாளா? என்கிட்ட சொல்லவே இல்லையே. எப்ப வெட்டினா? போன வருஷமா?

அடுத்தது வாசிங்க. 'அப்பா, சைக்கிள் வாங்கினேன். சிவப்பு.' சரி. அப்புறம்? 'வீட்டு வாசல். நான்.' என்ன, அவ்வளவுதானா? அதுக்கு அடுத்தது? 'நான்.' வெறும் நானா? இதெல்லாம் ஒரு விவரமா? என்கிட்ட வந்திருந்தாத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதுக்கு மேல போங்க. மூலையில நல்லாப் பாருங்க, ஏ.எல்.டி. இருக்கும். வெயில் அடிக்குதா போன் மேல? கையால மறைச்சுட்டுப் பாருங்க.

இல்லையா?

அதுக்கடுத்ததுலயும் இல்லையா? எதுலயும் இல்லையா, கடைசி வரைக்கும்?

பாத்தீங்களா. நான் சொன்னேன்ல? சட்டம் இல்லாத இடம் அப்படித்தான் ஆகும். என் பொண்ணு, அவளையே அந்த இடம் இப்படி ஆக்கிடுச்சு பாருங்க. நான் அன்னிக்கே எழில்கிட்ட சொன்னேன், விட்டா யாரும் எழுத மாட்டாங்கன்னு. அவன் கேட்டானா? யாரு கேட்டா?

கடைசியாப் போட்டது எப்ப? போன வாரமா. அதுல அவ இருக்காளா? முகம் தெரியற மாதிரி இருக்கா?

போனை மூடிடாதீங்கம்மா. திண்டுக்கல் இன்னும் வரல. இடது பக்கம், பின்னணி, நிறம், அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், உங்களுக்கு வந்த மாதிரி சொல்லுங்க. அவ இளைச்சிருக்காளா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க.